வருகைப் பதிவேடும் வயிற்றுப்பாடும்

“இந்தக் காலத்து வாலிபர்களுக்குப் படிப்பில் சிரத்தையில்லை, பாதி நாள் காலேஜ் பக்கமே தலைகாட்டுவதில்லை” என்று சில கனவான்கள் அங்கலாய்க்கிறார்கள். வராத பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

தோழர்களே, முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். பந்தியில் சாம்பார் வாளி தூக்கும் பையனைக் கேளுங்கள், பி.ஏ. இரண்டாம் வருஷம் என்பான். ஜவுளிக் கடையில் புடவை மடிக்கும் பெண் பி.காம். படிக்கிறாள். நூல் மில்லில் முழு நைட்டு பார்த்த பையன், தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு நேரே வகுப்புக்குப் போகிறான். அங்கே அவன் கண்ணயர்ந்தால் அது சோம்பலாம்!

தமிழகத்தில் சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ல் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு 33 ரூபாய். அது டீக்கும் நோட்டுக்கும் சரி. அப்பனுக்கு வேலையில்லாத வாரத்தில் அரிசிக்கு?

இதற்கு மேல் 75 சத வருகை விதி. பருவத்துக்கு 90 நாள் வகுப்பு என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். மிஞ்சுவது 22 நாள். விவசாயத் தொழிலாளியின் மகளுக்கு நடவிலேயே பத்துப் பதினைந்து நாள் போய்விடும். தாய் காய்ச்சலில் படுத்தால் அடுப்பும் தம்பி தங்கைகளும் அவள் தலையில். (மகன் தலையில் இது விழுவதில்லை, இதற்கு சர்க்காரைக் குறைசொல்லிப் பயனில்லை, நம் வீட்டு நியாயம் அப்படி.) வருகை 65 சதத்துக்குக் குறையாதிருந்தால் அபராதம் கட்டிப் பரீட்சை எழுதலாம் என்பது பல சர்வகலாசாலைகளின் வழக்கம். கூலிக்காக லீவு போட்டவன், அந்தக் கூலியையே லீவுக்காகக் கட்டுகிறான்!

தபாலில் படிக்கலாமே என்பார்கள். 1971ல் மதுரைப் பல்கலைக்கழகம் தபால்வழிக் கல்வி துவக்கியது. உழைப்பாளிகள் பலர் அந்த வழியில் பட்டம் பெற்றார்கள். ஆனால் ரசாயனச் சோதனைச்சாலையைத் தபாலில் அனுப்ப முடியுமா?

சர்க்கார் கல்லூரிகள் சிலவற்றில் காலை ஷிப்ட், மத்தியான ஷிப்ட் என்று வகுப்பு நடக்கிறது. மீதி அரை நாள் பிள்ளை சும்மா இருக்கிறான் என்பது காண்ட்ராக்டருக்கும் தெரியும். அரை நாள் என்று கூப்பிட்டு இருட்டும் வரை வேலை வாங்குகிறான். பி.எப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, “படிக்கிற பையன்தானே” என்று கூலியிலும் கை வைக்கிறான். இதனால் அடிபடுவது பக்கத்து மெஷினில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளியின் கூலியும்தான். அந்தப் பையனைப் பார்த்து நாம் முகத்தைச் சுளிக்கிறோமா, சங்கத்தில் சேர்க்கிறோமா?

மில் ஊர்களில் மாலைக் கல்லூரி வேண்டும். பரீட்சை நாட்களில் சம்பளத்துடன் லீவு வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கான கோரிக்கைப் பட்டியலிலேயே இதை ஏற்ற வேண்டும். உழைக்கும் மாணவருக்கு அபராதமில்லாத வருகைச் சலுகையும் வேண்டும். வேலைக்கு அத்தாட்சி கேட்பார்கள். காண்ட்ராக்டர் எழுதித் தரமாட்டான். சங்கம் எழுதித் தரும் அத்தாட்சியைக் கல்லூரி ஏற்க வேண்டும்.