சஹர் அடுப்பும் உலகக் கோப்பையும்

1920இல் ஹாரி குரோ பக் தோற்றுவித்த உடற்பயிற்சிக் கல்லூரி அமைந்த நந்தனத்தில் கால்பந்துப் பற்றுக்குக் குறைவில்லை. 2014ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் பிற்பகுதி ரமலானோடு இணைந்து வந்தது. பிரேசிலில் நடந்த ஆட்டங்கள் பல, நமக்கு நள்ளிரவு கடந்து 1.30 மணிக்குத் தொடங்கின. ஆட்டம் முடியவும் சஹர் உணவு பரிமாறவும் சரியாக இருந்தது. தஹஜ்ஜத்தை மறந்தார்களே என்று மூத்தோர் வருந்தினால் அது நியாயமே.

நெய்ச்சோறும் கறியாணமும் மணக்க ஆட்டம் காண்பதை நாம் குறை கூறவில்லை. ஆணத்தைக் கிளறியவர் எதைக் கண்டார் என்பதே நம் வினா. ஜூலை 9 அதிகாலை, பிரேசிலுக்கு எதிராக ஜெர்மனி ஆறு நிமிட இடைவெளியில் நான்கு கோல்கள் அடித்தது. வெங்காயம் சிவப்பதற்குள் அத்தனையும் முடிந்துவிட்டன! அடுக்களையில் நின்ற தாய்மார்க்குக் கிட்டியது கூடத்துக் கூச்சல் மட்டுமே.

பள்ளிவாசல்களில் அண்டா அண்டாவாக நோன்புக் கஞ்சி காய்ச்சுவோர் ஆடவரே. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் அளவறிந்து இட்டு, அடிபிடிக்காமல் துழாவும் அக்கைகளுக்கு வீட்டு அகப்பை மட்டும் கனப்பதேன்? மாணவத் தம்பியர் முன்னிரவிலேயே கறியை நறுக்கி ஆணம் கூட்டி வைக்கட்டும். சோற்றை இடைவேளையில் வடிக்கட்டும். கூடத்தில் முதல் இருக்கை உம்மாவுக்கு உரியது என்பதே நம் கட்சி.