பயர்வோல் பூட்டியாச்சு, அப்டேட் எங்கே?

ஊர் உறவுகளே, கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுகிறேன்.

பாடசாலையின் மூன்று கட்டடங்களுக்கும் பயர்வோல் பூட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோவும் போட்டோம். அதற்குப் பிறகு ஒரு அப்டேட்கூட இல்லை. கேட்டால், "டேட்டா முடிஞ்சிரும் சேர்" என்கிறார்கள்.

2017 மார்ச்சில் மைக்ரோசொப்ட் விண்டோஸின் ஓட்டையை அடைக்க அப்டேட் வெளியிட்டது. போடாமல் இருந்தவர்களை மே மாதம் வொன்னாக்ரை பிடித்தது. பிரித்தானிய அரச வைத்தியசாலைகளே சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன. அப்டேட் காணாத பயர்வோலும் அதே ஓட்டைதான்.

டேட்டா என்பது வெறும் சாட்டு. பழைய கொம்பியூட்டர் ஒன்றை உள்ளூர் அப்டேட் சேர்வராக வையுங்கள். நைட் டேட்டாவில் அது ஒருமுறை இறக்கி வைக்கும். மூன்று பயர்வோலும் அதிலிருந்தே எடுக்கும். மும்மடங்குச் செலவு ஒரு மடங்காகிவிடும். நம்மிடம் இருப்பது ஓப்பன்சென்ஸ். அப்டேட் எங்கிருந்து வரவேண்டும் என்பதை நாமே மாற்றலாம். டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்தே அது ஏற்றும் என்பதால், இடையில் யாரும் கலப்படம் செய்வதும் லேசில்லை.

பிள்ளைகளின் புள்ளிகள், வீட்டு விலாசம், பெற்றோரின் போன் நம்பர் எல்லாம் அந்த வலையமைப்பில்தான் கிடக்கின்றன. நான் நன்கொடை கேட்கவில்லை. மாதம் ஒருமுறை அந்த மெஷினைப் பார்க்க ஒரு பொறுப்பாளரைத்தான் கேட்கிறேன். ரிப்பன் வெட்ட அத்தனை பேர் வந்தோமே, இதற்கு ஒருவர் இல்லையா?