வயிற்றைக் கட்டியது போதும், வட்டியைக் குறைப்போம்

சிக்கனமாக வாழ்வது எப்படி என்று சொல்லித் தருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஓட்டல் சாப்பாட்டைக் குறையுங்கள், ஏசியை 24-ல் வையுங்கள், சுற்றுலாவை வருடத்துக்கு ஒன்றோடு நிறுத்துங்கள் என்கிறார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் காலனித் தெருக்களில் உட்கார்ந்து இதைப் படித்தால் சிரிப்புதான் வரும். குறைப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

நம் வீடுகளுக்குச் சிக்கனத்தை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மலிவாகக் கிடைத்த நாளில் மாட்டுக்கறியை வாங்கி, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் காயவைத்து உப்புக்கண்டம் போட்டு, வேலையில்லாத மழை மாதத்தில் குழம்பு வைத்தவர்கள் நம் பாட்டிமார்கள். நடவுக்குப் போன வயலில் நண்டும் நத்தையும் பொறுக்கி, வரப்பில் கீரை பறித்து வந்து அடுப்பேற்றியவர்கள் நம் அம்மாக்கள். அண்ணன் சட்டை தம்பிக்கு, அம்மாவின் பழைய புடவை தொட்டிலுக்கு, தொட்டில் கிழிந்தால் கரித்துணிக்கு. இவ்வளவு சிக்கனமும் இருந்து, நம் வீடுகளில் ஏன் சேமிப்பு மட்டும் இல்லை?

கூலி குறைவு, நிலம் இல்லை என்பது முதல் காரணம். அதை நாம் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம், இனியும் எழுதுவோம். ஆனால் வந்த கூலியும் வீட்டில் தங்காமல் போகிற வழி ஒன்று இருக்கிறது. அது வட்டி. வீட்டுச் சிக்கனத்தை இனி அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஒரு கணக்குப் போடுவோம். ஆவின் நீல நிறப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். தினம் ஒன்று வாங்கினால் மாதம் 600 ரூபாய். கை இறுகினால் நம் வீடுகளில் முதலில் நிற்பது இந்தப் பால்தான், பிள்ளைகளுக்கு வரக்காப்பி. அதே வீட்டில் 20,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் அதற்கும் மாதம் 600 ரூபாய். பாலை நிறுத்திவிட்டோம், வட்டியை நிறுத்தவில்லை. மூன்று வட்டி என்பதே நம் தெருக்களில் ‘நல்ல மனுஷன்’ வாங்குகிற வட்டி. அவசரத்துக்கு ஐந்துக்கும் பத்துக்கும் வாங்குகிறோம். பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். பத்தே மாதத்தில் வாங்கிய அளவுக்கு வட்டி கட்டிவிடுகிறோம், அசல் அப்படியே நிற்கிறது.

தண்டல் இன்னும் நைச்சியமானது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாய் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். ‘ஆயிரத்து ஐந்நூறுதானே’ என்று தோன்றும். ஆனால் கடன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் அந்த வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். மைக்ரோ பைனான்ஸ் கடன் இதைவிட மலிவு. ஆனாலும் 24 சதவீத வட்டியில் 50,000 ரூபாயை இரண்டு ஆண்டுகளில் மாதத் தவணையாகக் கட்டினால் வட்டி மட்டும் 13,000 ரூபாய்க்கு மேல். அப்படி மூன்று நான்கு கடன் உள்ள வீடுகள் நம் தெருக்களில் இருக்கின்றன. ஒன்றைக் கட்ட இன்னொன்றை வாங்குகிறார்கள். 15-ந் தேதி வருகிற மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் வந்த வேகத்தில் தவணைக்குப் போய்விடுகிறது.

நம் வேலைக்குப் பருவம் உண்டு. நடவு, களையெடுப்பு, அறுப்பு, கரும்பு வெட்டு, முந்திரி என்று சில மாதம் கை நிறைய வேலை. ஐப்பசி, கார்த்திகையில் அடுப்பு எரிவதே பாடு. வாரத் தவணைக்கு மழை தெரியாது. அந்த மாதங்களில்தான் கரும்பு வெட்டு மேஸ்திரியிடமும் செங்கல் சூளைக்காரரிடமும் முன்பணம் வாங்குகிறோம். முன்பணம் வாங்கிய பிறகு கூலி என்ன என்று பேசும் உரிமை போய்விடுகிறது. கடனுக்காக ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்குவது 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட கடனையே அந்தச் சட்டம் செல்லாததாக்கிவிட்டது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகியும் குடும்பம் குடும்பமாக மீட்கப்படும் செய்தி நின்றபாடில்லை.

நமக்குக் கடன் என்பது பணக் கணக்கோடு முடிவதில்லை. ஊர்த் தெருவில் யாரிடம் கை நீட்டினோமோ, நாளை அவர் வீட்டுப் பையன் நம் பிள்ளையைச் சாதி சொல்லித் திட்டினால் காவல் நிலையத்துக்குப் போக முடிகிறதா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்துவிட்டுப் பின்வாங்கியவர்களை ‘விலைபோய்விட்டார்கள்’ என்று எளிதாகப் பேசிவிடுகிறோம். அவர்களில் எத்தனை பேர் வாங்கிய கடனுக்காகவும், நாளைய வேலைக்காகவும் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதையும் பேச வேண்டும். மூன்று மாதச் செலவுக்குக் கையில் காசு வைத்திருக்கிற குடும்பம் ‘வர முடியாது’ என்று சொல்ல முடியும். சாட்சிக் கூண்டில் நின்று பார்த்ததைச் சொல்ல முடியும். நமக்குச் சேமிப்பு வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அந்தச் சேமிப்பை வயிற்றிலிருந்து எடுக்கக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. எல்லாருக்கும் போட்டுவிட்டு அடிச்சட்டியை வழித்துத் தின்கிற அம்மாவின் சிக்கனம் கடைசியில் மருத்துவமனைச் செலவாகத்தான் வருகிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, கருவாடு, முட்டை, மாட்டுக்கறி எல்லாம் விலைக்கேற்ற சத்துள்ள நம் சாப்பாடு. அதைச் சொல்லவும் சமைக்கவும் கூச்சப்பட வேண்டாம். ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ‘இந்த மாதம் பருப்பு வரவில்லை’ என்ற பதிலோடு திரும்பி வராமல், வரும்வரை கேட்டு வாங்குவதும் சேமிப்புதான். குறைக்க வேண்டியது பத்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டையும், ஆண்கள் டாஸ்மாக்கில் கொட்டுகிற பணத்தையும். பால் பாக்கெட்டில் கை வைத்தவர்கள் குவாட்டரில் கை வைக்காமல் இருப்பது என்ன நியாயம்?

வட்டியைக் குறைக்க என்ன செய்யலாம்? முதலில் புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து, வீட்டில் யார் பேரில் எவ்வளவு கடன், என்ன வட்டி என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வாங்கியதும் அதில் வரட்டும். படித்த பிள்ளை இருந்தால் கணக்கைப் போடட்டும். பிறகு கரும்பு வெட்டு முடிந்தோ, திருப்பூர், கேரளாவிலிருந்தோ பணம் வரும்போது, அதிக வட்டிக் கடனை முதலில் தீர்க்க வேண்டும். வீட்டு வாசலில் சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பதுதான் நம் வழக்கம். அதை மாற்ற வேண்டும். மைக்ரோ பைனான்ஸ் கடனைத் தவணைக்கு முன்பே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி.

அதே விதிகளில் இன்னும் இரண்டு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 15,000 ரூபாய் வருமானமுள்ள வீட்டின் தவணைகள் 7,500-ஐத் தாண்டும்படி மேலும் கடன் கொடுப்பது கொடுக்கிறவரின் விதிமீறல். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. தண்டலும் மீட்டர் வட்டியும் 2003-ன் தமிழ்நாடு கந்துவட்டி தடைச் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் மறக்கவில்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தும் அந்தக் குடும்பத்தைக் காக்கவில்லை. தனி ஆளாகப் போனால் மனு மட்டும்தான் மிஞ்சும்; தெருவாகச் சேர்ந்து போனால் அதிகாரி எழுந்து கேட்பார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காசு தருகிறவர் வட்டிக்காரர்தான். வங்கி அந்நேரம் திறந்திருக்காது. அந்த இடத்தை நாமே நிரப்பாவிட்டால் எந்த அறிவுரையும் பயன்படாது. ஒரு தெருவில் இருபது பெண்கள் வாரம் ஐம்பது ரூபாய் போட்டால் வாரத்துக்கு ஆயிரம், வருடத்துக்கு 52,000 ரூபாய். ஒரு வீட்டுக்கு 2,600 ரூபாய்தான். அதிலிருந்து மருத்துவத்துக்கும் சாவுக்கும் மட்டும் ஒரு வட்டிக்குக் கொடுத்தால், தண்டல்காரர் அந்தத் தெருவுக்கு வர வேண்டிய தேவையே குறையும். மகளிர் குழு இதற்காகத்தான் வந்தது. இன்று பல இடங்களில் அது வங்கிக் கடனை வாங்கிப் பங்கிடுகிற குழுவாக மட்டும் சுருங்கிவிட்டது. பழையபடி உண்டியலையும் கணக்கு நோட்டையும் திறப்போம்.

இனி விசேஷங்கள். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கருமாதி என்று பேனர், பந்தல், பாட்டுக் கச்சேரி, கறிச்சோறு. ‘இவர்களுக்கு எதற்கு இவ்வளவு ஆடம்பரம்’ என்று பிறர் பேசினால் நாம் ஏற்கமாட்டோம். செருப்புப் போட்டு நடக்கவும், மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றவும் விடாத தெருக்களில் நம் விசேஷம் ஊருக்குத் தெரியும்படி நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் நமக்குள் நாம் கேட்டுக்கொள்வோம்: ஐந்து வட்டிக்கு வாங்கி வைத்த பேனரில் சிரிக்கிற அந்தப் பெண் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பக் காசு இருக்கிறதா? 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர், தீண்டாமையின் அடையாளமாகச் சுமந்த கனமான நகைகளைக் கழற்றச் சொன்னார். சுத்தமாக உடுத்தச் சொன்னார். பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொன்னார். மதிப்பு எதில் வரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஒரு வீடு மட்டும் குறைத்தால் ‘கஞ்சன்’ என்பார்கள். தெருப் பெரியவர்களும் இளைஞர்களும் மகளிர் குழுவும் கூடிப் பேசி, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு என்று வைத்தால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

படிப்புச் செலவில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஆனால் கட்ட வேண்டாததைக் கட்ட வேண்டாம். தனியார் சுயநிதிக் கல்லூரிகளிலும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்பதற்கு 2012-ன் அரசாணை 92 இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். இது தெரியாமலோ, ‘முதலில் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம்’ என்று கல்லூரி சொன்னதாலோ வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் மே மாதத்திலேயே தயாராக வைத்தால் பாதி அலைச்சல் குறையும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாயும் உண்டு. கடன் வாங்கி ஆங்கிலப் பள்ளி வேனில் ஏற்றும் முன் இதையும் கணக்கில் சேர்ப்போம்.

மிச்சம் பிடித்த காசை எங்கே வைப்பது? தெரிந்தவர் நடத்துகிறார் என்று தீபாவளிச் சீட்டிலும், பதிவில்லாத நிறுவனத்திலும் போட்டு ஏமாந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. அஞ்சலகத்தில் மாதம் நூறு ரூபாயில் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். பத்து வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைக்குச் செல்வமகள் கணக்கு 250 ரூபாயில் தொடங்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடித்தால் இரண்டு லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு. சாரத்தில் ஏறுகிற நம் பிள்ளைகளுக்கு அது அவசியம். கணக்கு வீட்டுப் பெண்ணின் பேரில் இருக்கட்டும்.

இவ்வளவும் சொல்வதால் அரசின் கடமை குறைந்துவிடாது. உதவித்தொகை கல்லூரி திறக்கும்போதே வர வேண்டும். நூறு நாள் வேலையின் கூலி நாள் தவறாமல் வர வேண்டும். வங்கி மேலாளர்கள் காலனிக்கு வந்து கடன் முகாம் நடத்த வேண்டும். தாட்கோ கடனுக்கு அலையவிடுவது நிற்க வேண்டும். இவற்றைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் கேட்டு வாங்கும்வரை தாக்குப்பிடிக்கவும் கையில் காசு வேண்டும். கேட்பதற்குப் போகும் நாளின் கூலியை இழக்கவும் காசு வேண்டும். இந்த வாரம் தெருவில் பத்துப் பெண்கள் கூடி ஐம்பது ஐம்பதாகப் போட்டு ஒரு நோட்டில் பேர் எழுதினால், அதுவே தொடக்கம்.