அதிகப்பிரசங்கி

இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருவது சுகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போன வருஷம் ஒருநாள், காலையிலிருந்து பதினோரு பையன்கள். 'உங்களிடம் உள்ள குறை என்ன?' என்று கேட்டால் பதினோரு பேரும், 'வேலையில இறங்கிட்டா நேரம் போறதே தெரியாது சார்' என்றார்கள். எல்லோரும் ஒரே டுடோரியல் போலிருக்கிறது.

பன்னிரண்டாவது ஆசாமி பதிலே சொல்லவில்லை. 'சார், உங்க விண்ணப்பத்துல பிறந்த தேதியும் கேக்கறீங்க, வயசும் கேக்கறீங்க. ரெண்டும் எதுக்கு?' என்றான்.

எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. தெரியாதபோது அதிகாரிகள் செய்வதைச் செய்தோம். 'அதிகப்பிரசங்கி' என்று குறித்து அனுப்பிவிட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ஒருவனை எடுத்தோம். (தங்கமான பையன். இன்னமும் ஆட்டிக்கொண்டிருக்கிறான்.)

லண்டனில் ஒரு முறை இதைத் தலைகீழாகச் செய்தார்கள். 1942 ஜனவரி. உலகப் போர். 'டெய்லி டெலிகிராஃப்' குறுக்கெழுத்துப் புதிர் ரொம்ப சுலபம் என்று புகார் கிளம்ப, 'எங்கே, 12 நிமிஷத்தில் முடியுங்கள் பார்க்கலாம்' என்று வாசகர்களைப் பத்திரிகை ஆபீசுக்கே கூப்பிட்டுப் போட்டி வைத்தார்கள். சில வாரம் கழித்து, கலந்துகொண்ட சிலருக்கு ராணுவத்திடமிருந்து கடிதம்! போய்ச் சேர்ந்த இடம் பிளெட்ச்லி பார்க். ஜெர்மன்காரர்களின் எனிக்மா சங்கேதங்களை உடைத்த ரகசிய ஆபீஸ். அங்கே ஏற்கெனவே செஸ் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆலன் டூரிங் இருந்தார். தும்மல் சீசனில் முகத்தில் கேஸ் மாஸ்க் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். டீ குடிக்கும் கோப்பையை யாரும் எடுத்துவிடாமல் ரேடியேட்டரோடு சங்கிலி போட்டுப் பூட்டி வைப்பார். எங்கள் கமிட்டியாக இருந்தால் வாட்ச்மேனிடம் சொல்லியே திருப்பி அனுப்பியிருப்போம்.

போன மாசம் ஒரு கொட்டேஷனில் ஒரு சைபரை விட்டுவிட்டேன். டீமில் ஐந்து பேர் பார்த்தார்கள். ஐந்து பேரும் 'ஓ.கே. சார்'. அரை மணியில் ஆர்டர் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்?

நம் தங்கத்தைக் கூப்பிட்டு, 'நீ கவனிக்கலையாப்பா?' என்றேன்.

'கவனிச்சேன் சார். நீங்க போட்டிருந்தா ஏதாவது காரணம் இருக்கும்னு...'

அன்று மாலை அந்த அதிகப்பிரசங்கியின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். பிறந்த தேதி எழுதியிருந்தான். வயது என்ற இடத்தில், 'மேலே பார்க்க.'

வெட்கத்தை விட்டு போன் பண்ணினேன். வேறு கம்பெனியில் சேர்ந்து எட்டு மாசமாகிவிட்டதாம். மரியாதையாகத்தான் பேசினான். வைக்கும் முன், 'சார், அந்த ஃபாரத்துல வயசை எடுத்துட்டீங்களா?' என்று கேட்டான்.

எடுக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்.