மின்னற்குறியை அறிக!

ஒளியால் வரையப்படும் படத்தைத் தமிழர் இன்றும் 'புகைப்படம்' என்றே அழைத்து வருகின்றனர். 1887-இல் செருமானியராகிய கேடிக்கே, மீத்தே இருவரும் மகனீசியப் பொடிக் கலவையை எரித்து ஒளியுண்டாக்கினர். அன்று புகை எழுந்தது மெய்யே. 1931-இல் அமெரிக்க அறிஞர் எட்கர்ட்டன் மின்னாற்றலைத் தேக்கி நொடிப்பொழுதினும் குறைவான நேரத்தில் ஒளியாக்கும் விளக்கைச் செய்தார். அதன்பின் புகைக்கு வேலை இல்லை. பெயரில் மட்டும் அது கலையாமல் நிற்கின்றது. பெயரிற் படிந்த புகை அறிவிலும் படியாதோ?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் புன்செய்ப் பகுதியின் ஊர்களில் காதணி விழாவிற்கும் கோயிற் கொடைக்கும் எண்ணிம ஒளிப்படக் கருவியோடு இளைஞர் வருகின்றனர். 'பிளாசு' எனப் பிறசொல்லால் வழங்கும் மின்வெட்டொளியை மேலெழுப்ப அவர்கள் அறிவர். அது காட்டும் குறியைப் படிக்க அறிந்தார் எத்துணைப் பேர்?

காட்சித்துளையில் தோன்றும் மின்னற்கீற்று வெறும் அழகுக்கன்று. நிக்கான் கருவிகளில் அது நிலையாக ஒளிர்ந்தால், மின்தேக்கி நிரம்பிற்று, படம் எடுக்கலாம் என்பது பொருள். ஒளிராவிடிற் பொறுத்தல் வேண்டும். எடுத்தபின் ஏறத்தாழ 3 நொடி சிமிட்டினால், ஆற்றல் முழுதும் செலவாயிற்று, படம் இருண்டிருக்கக்கூடும் என்பது எச்சரிக்கை. அவ்வழி, நெருங்கிச் செல்க, வில்லைத்துளையை அகலமாக்குக, அன்றி ஒளியுணர் அளவை உயர்த்துக.

இதற்கொரு கணக்கும் உண்டு. 2016-இல் வெளிவந்த டி5600 கருவியின் உள்விளக்கிற்கு வழிகாட்டெண் ஏறத்தாழ 12. ஒளியுணர் அளவு 100-இல் அதனைத் துளையெண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தொலைவு மீட்டரில் கிடைக்கும். துளையெண் 4 எனின் 3 மீட்டர். ஒளியுணர் அளவை 400 ஆக்கினால் 6 மீட்டர். தொலைவு இருமடங்காயின் ஒளி நாலிலொன்றாகும். பந்தற் கடைசியில் நின்று மேடையை நோக்கி மின்வெட்டுதல் விழலுக்கு இறைத்த நீரே!

உச்சி வெயிலிலோ, தலைப்பாகை நிழல் கண்களை விழுங்கும். அங்கும் அருகிருந்து பாய்ச்சும் மின்வெட்டொளி முகத்தை மீட்டுத்தரும். 'வெயிலில் விளக்கெதற்கு?' என நகைப்பார் இதனை அறியார்.

கரிசற்காட்டில் உழைத்துத் தேய்ந்த மூதாட்டிக்கு வாழ்நாளில் எடுக்கப்படும் நற்படம் ஒன்றோ இரண்டோ! அவர் மறைந்தபின் சுவரில் நிற்பது அதுவே. அஃது இருண்டுபோனால், 'ஆள் கறுப்பு, முகம் விழவில்லை' என்று பழியை அவர் நிறத்தின்மேற் போடுகின்றனர். குற்றம் நிறத்தினதா? சிமிட்டிய குறியைப் படியாத கண்ணினது அன்றோ?

இன்னும் ஒன்று. அதே டி5600-இன் மொழிப்பட்டியலில் தமிழும் உள்ளது! சப்பான் நிறுவனத்தான் தமிழுக்கு இடம் வைத்தான். தமிழனோ அதனைத் தேர்ந்தெடுக்காது, பொருள் விளங்கா ஆங்கிலத்திலேயே தடவிக்கொண்டிருக்கின்றான். அடைக்கப்படாத கதவைத் திறக்கவும் கைவராதா?

இளைஞர்களே! உங்கள் கருவியில் தமிழ் இருப்பின் இன்றே அதனைத் தேர்ந்தெடுங்கள். இல்லையெனின், குறிகளின் பொருளைத் தமிழில் எழுதிக் கருவிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளிப்படம் என்று சொல்லுங்கள். ஒளியை அறிந்து எடுங்கள். நம் முன்னோர் முகம் இருளில் மறையாதிருக்கட்டும்!