தேர்வடமும் மலைவடமும்

பழனிக்குச் சென்று திரும்பும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்தர்கள் சொல்லும் குறைகளுள் ஒன்று, “ரோப் கார் ஓடவில்லை” என்பதாகும். தெற்கு கிரி வீதியிலிருந்து மலைக்கோயிலுக்கு 2004ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இவ்வூர்தி, மாதத்தில் ஒரு நாளும் ஆண்டுக்கு ஒரு முறை ஏறத்தாழ ஒரு மாதமும் பராமரிப்புக்காக நிறுத்தப்படுகிறது. கடல் கடந்து முதிய தாயாரை அழைத்துச் சென்றவர் மனம் நோவது இயல்பே. ஆயினும் அதைக் கோயிலின் குறையாகப் பேசுவது முறையன்று.

இத்தகைய ஊர்திகளின் உயிர்நாடி இழுவைக் கம்பிவடமே. பெரும்பாலும் ஆறு எஃகுப் புரிகளை முறுக்கிச் செய்த வடம் அது. ஆறுமுகன் அடியார்க்கு அந்த எண்ணைக் கேட்டதும் மனம் மகிழும். புதிய வடம் மாற்றும்போது, முதலில் மெல்லிய கயிற்றைத் தூண்கள் மீது செலுத்தி, அதைக் கொண்டு கனமான வடத்தை இழுப்பர். பின்னர் இரு முனைகளையும் ஒன்றாக்க வேண்டும். முடிச்சிட்டால் சக்கரத்தில் ஓடாது. பற்றவைத்தால் எஃகு வலுவிழக்கும். ஆகவே ஒரு முனையின் புரியைப் பிரித்து எடுத்து, அது கிடந்த பள்ளத்தில் மறுமுனையின் புரியைப் படிய வைப்பர். ஆறு புரிகளும் வெவ்வேறிடங்களில் சந்திக்கும். அங்கே வடத்தின் நடு இழையை நீக்கிவிட்டு, புரிகளின் நுனிகளை அவ்விடத்தில் செருகுவர். 40 மில்லிமீட்டர் வடத்திற்கு இவ்விணைப்பு ஏறத்தாழ 48 மீட்டர் நீளும். இழுக்க இழுக்கப் புரிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும். அந்த உராய்வே அதன் பலம். நாளடைவில் வடம் நீளும். அப்போது வெட்டிக் குறைத்து மீண்டும் இணைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அறுந்த கம்பிகளைக் காந்தக் கருவி கொண்டு தேட வேண்டும். இவையெல்லாம் ஊர்தி ஓடும்போது செய்யக்கூடியவையல்ல.

2007ஆம் ஆண்டு பழனியிலேயே ரோப் கார் விபத்தில் உயிர்கள் பலியாயின. 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் தியோகர் அருகே திரிகூட மலையில் ஊர்தி பழுதுபட்டு, நாற்பதுக்கும் மேற்பட்டோர் அந்தரத்தில் தவித்தனர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வர வேண்டியதாயிற்று. அங்கும் சிலர் மாண்டனர்.

தேரோட்டத்திற்கு முன் வடத்தைத் தடவிப் பாராமல் எந்த ஊரில் தேர் இழுக்கிறார்கள்? மலைவடத்திற்கு மட்டும் அந்தப் பொறுமை ஏன் இல்லை?

பத்துமலையின் 272 படிகளை ஏற இயலாத முதியோருக்கு எந்திர வசதி வேண்டும் என்ற பேச்சு இங்கும் நெடுநாளாக உண்டு. நியாயமான விருப்பமே. ஆனால் நம் உபயதாரர்கள் திறப்பு விழாவுக்கு அள்ளிக் கொடுப்பர். குழல்விளக்கின் ஒளியை மறைக்கும் அளவுக்குப் பெயரும் எழுதுவர். பத்தாண்டு கழித்துத் தேய்ந்த பாகத்தை மாற்றும் செலவுக்கு யார் பெயர் கொடுப்பார்? எந்த எந்திரம் அமைந்தாலும், பராமரிப்புக்கென ஒரு நிரந்தர வைப்புநிதி முதல் நாளிலேயே தொடங்கப்பட வேண்டும். கும்பாபிஷேகத் திருப்பணிக்கு நிகரான கைங்கரியமாக அதை நிர்வாகத்தினர் அறிவிக்கலாம்.

பழனி யாத்திரை செல்வோர், பராமரிப்பு நாட்களை விசாரித்த பிறகே விமானச்சீட்டு எடுப்பது நலம். அந்நாட்களிலும் மின் இழுவை ரயில் உண்டு. கால் வலுவுள்ளோர்க்குப் படிப்பாதையும் யானைப்பாதையும் திறந்தே இருக்கின்றன.