சம்மர் கேம்ப்ல டேப் எவ்வளவு நேரம்?

ஏப்ரல் பிறந்தாலே அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் சம்மர் கேம்ப் நோட்டீஸ் வந்து விழ ஆரம்பிச்சிடும். களிமண் பொம்மை, சிலம்பம் எல்லாம் ஓரமாப் போய், கொட்டை எழுத்தில் நிற்பது 'கோடிங்', 'ரோபோட்டிக்ஸ்', 'ஏ.ஐ'.

தப்பில்லை. ஆனா, மூணு மணி நேர கேம்ப்பில் டேப் எவ்வளவு நேரம் கையில இருக்கும்? 5 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்கு ஒருநாள் மொத்தத் திரை நேரமே 2 மணி நேரத்துக்குள் இருக்கணும் என்கிறது இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். கேம்ப்பிலேயே அது தீர்ந்துட்டா, சாயங்காலம் வீட்டில் நடக்கிற மொபைல் சண்டைக்கு யார் பொறுப்பு?

நாலு பேருக்கு ஒரு டேப் போதும். 'ஸ்க்ராட்ச்' இலவசம், ஒருமுறை இறக்கிவெச்சா நெட்கூட வேண்டாம். ஒருத்தர் கட்டளைகளை அடுக்க, மத்த மூணு பேரும் "பூனை ஏன்டா ஓரத்துலயே முட்டிக்கிட்டு நிக்குது?"ன்னு மல்லுக்கட்டுவாங்க. பாடமே அந்த மல்லுக்கட்டுதான்.

இதைவிடப் பெரிய தலைவலி, போட்டோ. குழந்தை ரோபோவோட நிற்கிற படம் மதியமே இன்ஸ்டாவில் விளம்பரமா ஓடும். யாரைக் கேட்டாங்க? 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேணும்னு 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முழுசா அமலாக 18 மாசம் அவகாசம். அதுவரை சட்டம் வந்து காப்பாத்தும்னு உட்கார முடியாது.

ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க: பிள்ளை பேரில் எந்த ஆப்பில் கணக்கு தொடங்குவீங்க, கேம்ப் முடிஞ்சதும் அதை யார் அழிப்பாங்க?